ஏழாவது வளைவு

"ஏனுங் அம்மிணி, இந்த வெளையாட்டு இதுல ஓடுமுங்களா?"

சென்னியம்மாள் முட்டைப் பண்ணை வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். புதுக் கம்ப்யூட்டரைப் பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவில் வந்த வழியெல்லாம் மடியை விட்டு இறக்கவில்லை. மேலே ஒரு சிடி.

எருமப்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரபா சிடியைத் திருப்பிப் பார்த்தாள். மலையேறுகிற லாரிப் படம். அவள் பால்வாடிக்குப் போன காலத்து விளையாட்டு.

"இது ரொம்பப் பழசுங்கம்மா. இந்த விண்டோஸ்ல ஏறாது. புது லாரி கேம் எத்தனையோ இருக்குது, ஒண்ணு போட்டுத் தாரேன்."

"எம் மக அதெல்லாம் போட்டுக் குடுத்துட்டாளுங்க. அவிய திரும்பிக்கூடப் பாக்கல."

அவிய என்றது அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை. இருபத்தெட்டு வருசம் லாரி ஓட்டிய மனுசர். போன வருசம் பக்கவாதம் வந்து இடது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது. மகளுடைய பழைய கம்ப்யூட்டரில் இந்த லாரியை ஒற்றைக் கையால் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் முகத்தில் களை வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் புகைந்துபோய் இருபது நாள் ஆகிறது. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான்.

"இப்படியே கெடந்தா அந்தக் காலு அவ்வளவுதான்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. நீங்கதான் சாமி எப்படியாச்சும் ஓட வெச்சுத் தரோணும்."

"வெச்சுட்டுப் போங்க. சனிக்கெழம வாங்க."

வாசல்வரை போன சென்னியம்மாள் திரும்பி வந்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஏழாவது வளைவுல திருப்புனா அப்படியே ஹேங் ஆயிருமுங்க. அப்பறம் எந்தப் பட்டன அமுக்குனாலும் கேக்காது. செவுத்துல இருக்கற சுச்ச அமத்திப் போட்டாத்தான் மறுக்கா ஓடும். அத மறந்து போடாதீங்க அம்மிணி."

"அத எங்கிட்ட விடுங்கம்மா" என்று சிரித்தாள் பிரபா.

லேசான வேலையாக இல்லை. முதல் நாள் கம்ப்யூட்டர் அந்த சிடியை ஆள் தெரியாத மாதிரி துப்பித் துப்பி வெளியே தள்ளியது. இரண்டாம் நாள், புதுக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பது போல வேசம் கட்டி, அதற்குள் விளையாட்டை ஏற்றினாள். ஓடியது. ஓடியதா, பறந்தது! கண்ணை மூடித் திறப்பதற்குள் லாரி பள்ளத்தில் கிடந்தது. அந்தக் காலத்து மிசினின் வேகத்துக்குக் கணக்குப் பண்ணிய விளையாட்டு அது.

பிரபா வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடை வாசலில் முட்டை ஏற்றிப் போகிற லாரிகளைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் குறைப்பாள். ஹாரன் சத்தத்தை வரவைக்க மட்டும் அரை நாள் போனது.

கடைசியில் அந்த ஏழாவது வளைவு. சென்னியம்மாள் சொன்ன மாதிரியே லாரி உறைந்து நின்றது. தேடிப் பார்த்ததில், கண்காணாத தேசத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இதே வளைவில் மாட்டி, அதற்கு வைத்தியமும் எழுதி வைத்திருந்தான். அதைப் போட்டாள். ஏழு தாண்டியது, எட்டு தாண்டியது, உச்சிக்கே போய்விட்டது. கடையில் தனியாக உட்கார்ந்து பிரபா கை தட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்த சென்னியம்மாள், ஹாரன் சத்தம் கேட்டதும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அதே சத்தமுங்க! கொல்லிமல ஏறுறாப்பலயேன்னு அவிய சொல்லுவாங்க. கெட்டிக்காரி சாமி நீங்க. டவுனுல மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க."

"இருங்க, இனிமேத்தான் இருக்குது" என்று பிரபா ஏழாவது வளைவில் லாரியை ஒடித்துத் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தீங்களா! இனி நாள் முச்சூடும் ஓட்டுனாலும் ஹேங் ஆவாது. அவரு உக்காந்த எடத்த விட்டு அசைய வேண்டியதே இல்ல."

சென்னியம்மாளின் முகம் வாடிப்போனது.

"அய்யோ அம்மிணி, அது ஹேங் ஆவோணுமுங்க. அதுக்குத்தான இதையே வேணும்னு அலையறேன்?"

"என்னங்கம்மா சொல்றீங்க?"

"டாக்டரு நடங்கன்னாரு, மக கெஞ்சுனா, ஒரு அடி வெக்கல. லாரி நின்னுபோனா மட்டும் அந்தச் சுச்சு வரைக்கும் போவாங்க. மொத மாசம் உக்காந்தே நவுந்தாங்க. அப்பறம் செவுத்தப் புடிச்சு நின்னாங்க. மிசினு புகைஞ்ச அன்னைக்கு ஒண்ணையும் புடிக்காம நடந்தாங்க."

"நீங்க ஊட்டுலதான இருப்பீங்க, உங்களக் கூப்பிட மாட்டாரா?"

"தொண்ட கிழியக் கூப்புடுவாங்க. நான் அடுப்படியில காது கேக்காத மாதிரி நிப்பேன்."

பிரபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று நாள் பாடுபட்டு எடுத்த பழுதைத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கற பட்டனையும் கேக்காத மாதிரி பண்ணி உட்டர்றேன். ஆமா, சுச்ச எதுக்குங்கம்மா அத்தன தூரத்துல வெச்சீங்க?"

"கட்டிலுக்குத் தலமாட்டுலதானுங்க இருந்துச்சு" என்றாள் சென்னியம்மாள் குரலைத் தாழ்த்தி. "மொத நாளு லாரி நின்னப்ப, படுத்த வாக்குலயே கைய நீட்டித் தட்டுனாங்க. பாத்தேன். மறுநாளே செவுத்துல ஈரம்னு பொய் சொல்லி, எலக்ட்ரீசியனக் கூட்டியாந்து வாசக்கால்கிட்ட மாத்திப்புட்டேன்."