எண்ணெய்ச் சண்டை

கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை. வீட்டின் பின்பக்கம் அம்மாவும் மனைவியும் குரலை உயர்த்தியதும் புது மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டான்.

“எங்க வீட்டுல இவ்வளவு கெட்டியான எண்ணெய் ஊத்தவே மாட்டோம், அத்தை.”

“இத்தனை வருஷமா ஊத்தறவ நான். எது ஒத்துவரும்னு எனக்குத் தெரியாதா?”

‘போச்சு, இனி தனிக்குடித்தனம்தான்’ என்று பதறி, சமாதானம் பேச ஓடினான்.

அங்கே அவனுடைய மோட்டார் சைக்கிளின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, கையெல்லாம் கறுக்க இருவரும் கிளட்ச் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாடா! ஆயில்லயே ஊறுற கிளட்சுக்கு நீ கார் ஆயிலை ஊத்தினா வழுக்காம என்ன பண்ணும்?” என்றாள் அம்மா.

“கெட்டியோ மெல்லிசோ, பைக் ஆயில்தான்னு இவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அத்தை. கேட்டாத்தானே!” என்றாள் மனைவி.

இருவரும் சேர்ந்து அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.