மார்லிஸின் ட்ரே

மார்லிஸ் கொண்டுவந்த ட்ரேயை லவான் குப்பைத் தொட்டியில் கவிழ்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சர்ச்சுக்குக் கீழே சமையலறை. அறுவடை விருந்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான். காபி போட வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

நாலு அடுக்கு பரங்கிக்காய் பார் அது, கேக் மாதிரி ட்ரேயில் செய்து துண்டு போடுகிற இனிப்பு. அடியில் பெக்கான் கொட்டையும் வெண்ணெயும், அதன் மேல் க்ரீம் சீஸ், அதற்கு மேல் பரங்கிக்காய், உச்சியில் நுரைத்த க்ரீம். எங்கள் ஊரில் மேப்பிள் இலை சிவந்தால் மார்லிஸ் வீட்டு அடுப்பு சூடாகிவிடும். அந்த பார் இல்லாமல் முப்பது வருஷமாக இந்த விருந்து நடந்ததில்லை.

"ஏண்டி லவான், உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "கத்தாதே பெர்னீஸ். கதவைச் சாத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லவானுக்கு மார்லிஸ் அண்ணன் மனைவி. இந்த பார் விஷயத்தில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இருக்கிற போட்டி ஊருக்கே தெரியும்.

மார்லிஸ், செய்முறையை யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான், நானும் செய்திருக்கிறேன். அந்தச் செய்முறையை நம்பி லவான் செய்கிற பார், வருஷா வருஷம் தண்ணீர் விட்டு அடியில் சொதசொதவென்று ஆகிவிடும். மார்லிஸ் எல்லார் எதிரிலும் ஒரு கரண்டியை நீட்டுவாள். "இந்தா லவான், சூப் ஆறிடப் போகுது."

இன்றைக்கு மேஜையில் இன்னொரு ட்ரே இருந்தது. அதே நாலு அடுக்கு. வெட்டின இடம் செங்கல் மாதிரி கிண்ணென்று நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஓஹோ! ரகசியத்தைத் திருடிட்டியா? அவளோடதைக் கொட்டிட்டு உன்னோடதை வெச்சுப் பேர் வாங்கப் போறியாக்கும். வெட்கமா இல்ல?"

லவான் காலி ட்ரேயைக் கவிழ்த்துப் பிடித்தாள். எங்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி கண்ணாடி ட்ரேதான். அடியில் ஒட்டுகிற டேப்பில் பெயர் எழுதியிருப்போம், அவ்வளவுதான் அடையாளம். காலி ட்ரேயின் அடியிலிருந்து 'மார்லிஸ்' என்ற டேப்பை நகத்தால் மெல்லப் பிய்த்தாள். அதைத் தன்னுடைய ட்ரேயின் அடியில் ஒட்டினாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"அந்தக் காலி ட்ரேயைத் தொட்டு நக்கிப் பாரு" என்றாள்.

நக்கினேன். உப்பு! சர்க்கரை போட வேண்டிய இடத்திலெல்லாம் உப்பைக் கொட்டியிருந்தாள் மார்லிஸ். குழாயடிக்கு ஓடித் துப்பினேன்.

"அவளோடதுல ஓரத் துண்டை யாருக்கும் தெரியாம முதல்ல திங்கறது என் வழக்கமாச்சே. இன்னைக்கும் தின்னேன்" என்றாள் லவான்.

"உன் அண்ணனுக்குத் தெரியுமா?"

"சர்க்கரை டப்பாவுலயும் உப்பு டப்பாவுலயும் பேர் எழுதி ஒட்டினதே அவன்தான்."

கதவு திறந்தது. மார்லிஸ்தான். நேராக மேஜைக்கு வந்தாள். ட்ரேயைத் தூக்கி அடியில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா வந்திருக்கு, இல்ல? லவான், உன்னோடது எங்கே?"

"அதை ஏன் கேக்கறே. இந்த வருஷமும் தண்ணி விட்டுடுச்சு. கொட்டிட்டேன்."

மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடடா, கொட்டிட்டியா! கரண்டி கொண்டு வந்திருக்கேனே!"

லவானும் கூடச் சேர்ந்து சிரித்தாள். என்னால் முடியவில்லை. மார்லிஸ் அந்த ட்ரேயைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் கைதட்டுவது கேட்டது.

"இன்னும் எத்தனை நாளைக்கு லவான் மறைக்க முடியும்?"

"தெரியல. கிறிஸ்துமஸ் குக்கி செய்யற வரைக்குமாவது பார்ப்போம்."

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஒரு விஷயம் இடித்தது.

"உன்னோடது வருஷா வருஷம் தண்ணி விடுமே? இந்தத் தடவை மட்டும் கிண்ணுனு வந்திருக்கே. அவ ரகசியம் உனக்கு எப்படித் தெரியும்?"

லவான் குழாயைத் திறந்து காலி ட்ரேயைக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பரங்கிக்காய் விழுதை முதல்ல வாணலியில போட்டு, ஈரம் சுத்தமா போற வரைக்கும் வதக்கணும். அதுதான் ரகசியம். செவ்வாய்க்கிழமை போன் பண்ணி அவளே சொன்னா பெர்னீஸ். முப்பது வருஷம் கழிச்சு ஜெயிச்சுட்டேன்னு சமையல்கட்டுல குதிச்சேன்."

"அப்புறம்?"

"மறுநாளும் போன் பண்ணினா. 'யாருக்குமே சொன்னதில்ல லவான், உனக்குத்தான் முதல் தடவையா சொல்றேன்'னா. இன்னைக்குக் காலை வரைக்கும் ஆறு முறை, முதல் தடவையா சொல்லிட்டா."