எடுக்கும் பொத்தான்

ஒருவர் அழைக்கும்போது நாம் தொடவே தொடாத பொத்தான், அடுத்தடுத்து அவர் அழைக்கையில் கைபேசி, கணினி, கார் என எந்தத் திரையிலும் தெரியாது. அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவள் தமயந்தி. அலுவலகத்தில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

இன்று ஊரிலிருந்து பக்கத்து வீட்டு மேரி அக்கா பேசினார்.

"அப்பாவுக்கு நெஞ்சுவலிம்மா. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. வழியில உன்னைக் கூப்பிடுவாராம். இப்பவாவது எடு."

அப்பாவின் பெயர் ஒளிர்ந்தது. கீழே 'பிறகு பேசுகிறேன்' மட்டும்தான் இருந்தது. கணினிக்குத் தாவினாள். அங்கேயும் அதுவேதான். அப்பாவுக்கு அவள் இதுவரை அழுத்தியது அதைத்தானே!

மணி அடித்து ஓய்ந்தது. உடனே அவளே திருப்பி அழைத்தாள்; அங்கே யாரும் எடுக்கவில்லை.

மாலையில் மேரி அக்கா அழுதுகொண்டே கேட்டார்.

"போற நேரத்துலகூட எடுக்கலையே நீ?"

"எடுக்கிற பட்டன் வரலக்கா."

மேரி அக்கா போனை வைத்துவிட்டார்.