கடைச் சரக்கு

"போச்சு மச்சான். ப்ராஜெக்ட் கடையில வாங்குனதுன்னு பாத்த உடனே புடிச்சிட்டாரு. ஆறு மாசம் கழிச்சு திரும்ப வரணுமாம்."

ஜெரோம் தன் சர்க்யூட் போர்டைச் செத்த கோழி மாதிரி தொங்கவிட்டபடி லேபை விட்டு வெளியே வந்தான். அடுத்து பத்ரி. திங்கட்கிழமை மறைமலைநகரில் வேலைக்குச் சேர வேண்டியவன். இன்று ஃபெயில் ஆனால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாமல் அந்தக் கம்பெனி கேட்டைக்கூடத் தாண்ட முடியாது.

ஜெரோம் வாங்கியது குரோம்பேட்டையில், பத்ரி வாங்கியது தாம்பரத்தில். கடைதான் வேறு, திருட்டு ஒன்றுதான்.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் தோத்தாத்ரி, பழைய நகையை உரசிப் பார்க்கும் சேட்டு போலக் கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் கல்லூரிப் பேராசிரியை நாகலக்ஷ்மி.

"என்னப்பா இது?"

"பன்னெண்டு வோல்ட்டை நாப்பத்தெட்டா ஏத்தற கன்வர்ட்டர் சார்."

"மாடல், சிமுலேஷன், கன்ட்ரோல் எல்லாம்?"

"நானே பண்ணது சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு மோந்து பாத்தாலே தெரியும். சரி, போடு."

பத்ரி சுவிட்சைப் போட்டான். மீட்டர் நாற்பத்தெட்டில் நிற்கவில்லை. அறுபது, எழுபது, எண்பது என்று போட்டி ஏலம் மாதிரி எகிறியது. போர்டு கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"கெபாசிட்டர் வெடிச்சிடும், ஆஃப் பண்ணுப்பா" என்று நாகலக்ஷ்மி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பத்ரிக்குக் கை ஓடவில்லை.

தோத்தாத்ரி எழுந்திருக்கக்கூட இல்லை. போர்டுக்கு அடியில் விரலை விட்டு எதையோ அழுத்தினார். சத்தம் அடங்கியது. அங்கே ஒரு பட்டன் இருக்கும் விஷயமே பத்ரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவனே பண்ணதுன்னு நம்பறீங்களா சார்?" நாகலக்ஷ்மி கேட்டார்.

"அதைத்தான் விசாரிக்கப் போறேன் மேடம். நீங்க போய் அடுத்த பையனைக் கூப்பிடுங்க."

அவர் வாசலைத் தாண்டியதும் தோத்தாத்ரி மேஜை மேல் சாய்ந்து, பத்ரியின் முகத்துக்கு நேராக வந்தார். திங்கட்கிழமையும் வேலையும் கண்ணெதிரே ஆவியாவது பத்ரிக்குத் தெரிந்தது.

தோத்தாத்ரி குரலைத் தாழ்த்தினார்.

"லோடு பல்பை மாட்டிட்டுத்தான் சுவிட்ச் போடணும்னு நம்ம கடையில சொல்லலியா?"