போர்டில் அச்சடித்த நம்பர்

"பட்டன் அமுங்கலையா? மூடியக் கழட்டுங்க, நாலே நாலு ஸ்க்ரூ. என்னது, கழட்டிட்டீங்களா? அப்புறம் எதுக்குய்யா ஒரு லூஸ் ஒயருக்கு என் உயிர வாங்கறீங்க!"

ஸ்க்ரூ சார் போனை வைத்த வேகத்தில் மேசையே ஓரடி நகர்ந்தது. இந்த வாரத்தில் இது இருபத்தாறாவது அழைப்பு.

குறைந்த விலையில் அவர் வடிவமைத்த வீடியோ கேம் அது. யார் வேண்டுமானாலும் பழுது பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படத்தை அப்படியே இணையத்தில் போட்டிருந்தார். படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்களுக்காக அந்தப் போர்டிலேயே தன் போன் நம்பரையும் அச்சடித்திருந்தார். போன மாதம் நாற்பது பெட்டிகள் கடைக்குப் போயின. இப்போது இன்னும் ஐந்நூறு செய்ய, ஓய்வுப் பணத்தை மொத்தமாக இறக்கத் துடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க," என்றாள் மனைவி. "இந்த விலைக்கு வாங்கறவன், எத்தன கேம் இருக்குன்னுதான் கேப்பான். உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்கறான்?"

சாரின் கோபம் உச்சந்தலையைத் தாண்டிக் கூரையில் இடித்தது.

"எவன் பாக்கறானா? நம்பர் எங்கடி இருக்கு? உள்ள! திறக்காம எப்படிக் கூப்பிடுவான்? ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம திறந்து பாக்கறான்! மத்த கம்பெனிக்காரன் வாங்கறவனத் திருடனா நெனச்சு, பசையப் போட்டு ஒட்டறான். நான் மனுஷனா மதிச்சு ஸ்க்ரூ வெச்சேன். அது உனக்கு இளக்காரமா?"

அந்த ஜோரிலேயே போனில் ஐந்நூறுக்கும் ஆர்டர் கொடுத்து, பணத்தையும் அனுப்பிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டார்.

வாசலில் மணி அடித்தது. கூரியர்காரர் பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார்.

"கடையிலேருந்து ரிட்டர்ன் சார்."

"ரிட்டர்னா? எத்தன?"

"நாப்பதும். ஒண்ணுகூட போணியாகலையாம். அச்சு அசலா இதே மாதிரி எவனோ பாதி விலைக்குப் போட்டிருக்கானாம், அது பறக்குதாம்."

சார் பிரித்துப் பார்த்தார். நாற்பதிலும் மூடியில் ஒட்டிய சீல் ஸ்டிக்கர் கிழியவில்லை.

"அப்போ... இத்தன நாளா என்னக் கூப்பிட்டவங்கல்லாம் யாரு?"

போன் அடித்தது. மனைவி எடுத்து, கேட்டுவிட்டு, அவரிடம் நீட்டினாள்.

"பாதி விலைக்கு வாங்கினவருங்க. உங்க படத்தக் காப்பியடிச்ச புண்ணியவான், போன் நம்பரக்கூட விடாம அடிச்சிருக்கான்."