அழிக்க விடாத சாஃப்ட்வேர்

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மனைவி இதைச் சொன்னதும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“யாரைச் சொல்றே?”

“பொதுவாச் சொன்னேன். இது எத்தனாவது சாஃப்ட்வேர்?”

“எத்தனாவதா இருந்தா உனக்கென்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள கதையைக் கொடுக்கணும். ஆண்டு மலர்ல ஒரு பக்கம் எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கார் ஆசிரியர். இந்தத் தடவையும் விட்டேன்னா இனிமே கேட்கவே மாட்டார்.”

அவர் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவர். ஆபீசில் செல்லப் பெயர் ‘பிழைப்புலி’. ஊரார் கதைகளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் சிவப்புப் பேனாவுக்குத் தப்பாது. சொந்தமாக ஒரு கதை எழுதிவிட வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தைய ஆசை. குடையைத் தொலைத்த ஒரு நீதிபதியின் கதை. வாயால் சொன்னால் பிரமாதமாக இருக்கும். நிச்சயமான புதிதில் பஸ் நிறுத்தத்தில் நின்று அதைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

எழுத உட்கார்ந்தால்தான் வண்டி முதல் வரியிலேயே நின்றுவிடும். ‘மழை பெய்தது’ என்று அடிப்பார். அழிப்பார். ‘மழை பெய்துகொண்டிருந்தது.’ அழிப்பார். ‘பெய்தது மழை.’ அதையும் அழித்துவிட்டு, கோளாறு சாஃப்ட்வேரில்தான் என்று முடிவு கட்டுவார்.

ஒரு சாஃப்ட்வேர் பாத்திரங்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தது. நீதிபதியின் ரத்த வகை, செருப்பு அளவு வரை நிரப்பினார். கதை நிரம்பவில்லை. இன்னொன்று திரையைக் கறுப்பாக்கியது. தூக்கம் வந்தது. அடுத்தது டைப்ரைட்டர் மாதிரி சத்தம் போட்டது. சத்தம் பிடித்துப்போய் ஒரு சாயங்காலம் முழுக்க ‘மழை மழை மழை’ என்று தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது புதிதாக ஒன்று. ‘தங்குதடையின்றி எழுதலாம்’ என்று விளம்பரம்.

“இறக்கியாச்சு. இனிமே பாரு.”

“பார்க்கறேன். முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க.”

“என் எழுத்து மேல உனக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா? துணி, நூல், ஊசி. அவ்வளவுதான் உன் உலகம்.”

முணுமுணுத்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தார். ‘மழை பெய்தது’ என்று அடித்தார். பிடிக்கவில்லை. அழிக்கிற பட்டனைத் தட்டினார். எழுத்து அசையவில்லை. குத்தினார். ம்ஹூம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மழை அப்படியே இருந்தது. அழிக்க அந்தப் பட்டனைத் தவிர வேறு வழி தெரியாது அவருக்கு. ஆபீசில் எல்லாம் தாளும் பேனாவும்தான்.

“இங்க வாயேன்! இது அழிக்கவே விட மாட்டேங்குது!”

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கென்ன தெரியும்? தங்குதடையில்லாம எழுதலாம்னு அவன்தானே போட்டிருக்கான்?”

அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அட! அதான் விஷயமா! அழிக்க விட்டாத்தானே தடை! எழுதறவன் மனசு தெரிஞ்சவன்தான் இதைச் செஞ்சிருக்கான்!”

பின்னால் போக வழியில்லாததால் முன்னால் போனார். நீதிபதி ஓரிடத்தில் ‘நீதிபத்தி’ ஆனார். குடை ‘கொடை’ ஆனது. பிழைப்புலிக்குக் கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். கொஞ்ச தூரம் போனதும் கடித்த பல் தானாக விட்டது. அப்புறம் அவரே எழுதி அவரே சிரிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் “முடிஞ்சுது!” என்று அவர் போட்ட கத்தலில் அவள் தையல் கோணிப்போனது. பிரித்துத் தைக்கக்கூடத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஆனா ஒரே பிழையாக் கிடக்கே. இதை எப்படிக் கொடுக்கறது?”

“அதுக்கும் வழி பிறக்கும். காலாற நடந்துட்டு வாங்க.”

நடந்துவிட்டு வந்து பட்டனைத் தொட்டார். அழிந்தது!

“பாத்தியா! கதை முடிஞ்சது அதுக்கே தெரிஞ்சிருக்கு! என்ன மூளை, என்ன மூளை!”

புலி பாய்ந்தது. ஒரு பிழை மிஞ்சவில்லை.

மலர் வெளிவந்த அன்று ஆசிரியரே வீட்டுக்குப் போன் செய்து சிரித்தார்.

“எப்படிய்யா எழுதினே? வீட்டம்மா உதவியா?”

“சேச்சே, அவளுக்கு இதெல்லாம் எங்க சார் புரியும்? எல்லாம் அந்த சாஃப்ட்வேர்தான்!”

மெஷின் ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு போன். ஆபீசிலிருக்கும் இன்னொரு பிழை திருத்துபவரின் மனைவி.

“அக்கா, எங்க வீட்டுக்காரரும் வருஷக்கணக்கா முதல் வரியிலேயே நிக்கறார். அந்த சாஃப்ட்வேர் பேரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். அவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்து சாஃப்ட்வேரின் மகிமையை அளந்துகொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

“சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் சரிதான், தங்கச்சி. அவர் குளிக்கப் போனதும் அந்த அழிக்கிற பட்டனை ஊசியால மெதுவா நெம்பு. அடியில குட்டியா ஒரு ரப்பர் இருக்கும். அதை எடுத்து ஊசி டப்பாவுல போட்டுட்டு, பட்டனைப் பழையபடி மாட்டிடு. கதை முடிஞ்சதும் மறக்காம ரப்பரைத் திருப்பி வெச்சிடணும். அப்புறம், உனக்கு இதெல்லாம் எங்க புரியும்னு சொல்வார். ஆமான்னு தலையாட்டிடு!”