பதினொரு டாமி

அண்ணனும் அண்ணியும் எழுதியதை இணைக்கச் சொல்லித் தங்கை தட்டியதும் கணினி பாதியில் நின்றது. திரையில் முதல் சொல்: மோதல்.

எந்தக் கோப்பு, எந்த வரி என்று அவள் படித்துப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரியும்.

மணி பத்து. பதினொன்றுக்குக் கால்நடை மருத்துவர் முன்னால், அவர் ஆஸ்பத்திரிக்கென்று எழுதிய மென்பொருளை ஓட்டிக் காட்ட வேண்டும். போன வாரம் போனபோது தடுப்பூசிப் பக்கமே காணாமல் போயிருந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன், அதோடு சரி என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். அண்ணன், அண்ணி, தங்கை. அலுவலகம் என்பது வீடுதான். ஓர் அறையில் அண்ணன், எதிர் அறையில் அண்ணி, நடுக்கூடத்தில் சாப்பாட்டு மேசையில் தங்கை.

நிரல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. அதைத் திறப்பவர் "நான் உள்ளே இருக்கேன்" என்று கத்த வேண்டும். முடித்ததும் "வந்துட்டேன்" என்று கத்த வேண்டும். குளியலறைக்கு இருக்கிற அதே சட்டம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு வரிகூட வீணானதில்லை.

அண்ணனும் அண்ணியும் பேச்சை நிறுத்தும் வரைக்கும்.

சண்டை ஒரு வரிக்காக. காத்திருப்போர் கூடத்துத் திரையில் பிராணிகளை எப்படி அழைப்பது என்று சொல்லும் வரி அது. பெயர் சொல்லித்தான் என்றாள் அண்ணி. வாயில்லா ஜீவனுக்கு இருப்பதே அந்தப் பெயர் ஒன்றுதான், அதையும் எண்ணாக்கிவிடுவதா என்று கேட்டாள். எண்தான் என்றான் அண்ணன். ஒரே பெயரில் நாலு நாய் எழுந்து நின்றால் நீயா போய்ப் பிடிப்பாய் என்று கேட்டான். பேச்சு வளர்ந்து, நாய் பூனைகளை எல்லாம் தாண்டி, கல்யாண நாள் வரைக்கும் போய் வந்தது. அதன் பிறகு பேச்சே இல்லை. இன்றோடு ஒன்பது நாள்.

பேச்சில்லாத வீட்டில் யார் கத்துவது? இருவரும் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள். ஒருவர் எழுதியதன் மேலேயே மற்றவர் எழுதினார். தடுப்பூசிப் பக்கம் போனது அப்படித்தான்.

நாத்தனாரும் அண்ணியும் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் ஊர் உலக வழக்கம். இங்கே நாத்தனார்தான் தபால்காரி. இந்த அறையிலிருந்து "உங்க அண்ணன்கிட்ட சொல்லு." அந்த அறையிலிருந்து "உங்க அண்ணிகிட்ட சொல்லு."

முந்தாநாள் அண்ணி, வேறு வேலைக்கு விண்ணப்பம் போடப் போவதாகச் சொன்னாள். அதையும் அண்ணனிடம் சொல்லச் சொன்னாள். தங்கை சொல்லவில்லை. தான் பார்த்த வேலையை விட்டுவிட்டு இவர்களை நம்பி வந்தவள் தங்கை. அதைவிட, இந்த இருவரையும் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று மாலையே உட்கார்ந்து வெர்ஷன் கன்ட்ரோலைப் போட்டாள். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விளக்கினாள். இனிமேல் அவரவர் பிரதியில் அவரவர் எழுதலாம், கத்த வேண்டாம். எதை மாற்றினாலும் பழையது அழியாது. யார் மாற்றினார்கள் என்பது பதிவாகும். ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும். ஒரே வரியில் இரண்டு பேர் கை வைத்தால் கணினி யார் பக்கமும் சாயாது. இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும்.

சண்டைக்குக் காரணமான அந்த வரியை மட்டும் அவளே காலியாக்கிவிட்டு, இதை யாரும் தொட வேண்டாம் என்று பக்கத்தில் எழுதி வைத்தாள்.

இரண்டு பேரும் தொட்டிருக்கிறார்கள்.

தங்கை மோதலைத் திறந்தாள். மேலே பெயர், கீழே எண். எதிர்பார்த்ததுதான். தலையில் அடித்துக்கொள்ளப் போன கை பாதியில் நின்றது.

பெயர் என்று போட்டிருந்தவன் அண்ணன்.

அவன் குறிப்பு: "நேத்து திரை மாட்டப் போயிருந்தேன். ஒரு பெரியவர் மடியில பூனை. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, அவர் அசையலை. பேரைச் சொன்னாங்க, பூனை திரும்பிப் பார்த்துச்சு. உங்க அண்ணி சொன்னதுதான் சரி."

எண் என்று போட்டிருந்தவள் அண்ணி.

அவள் குறிப்பு: "ஆஸ்பத்திரிப் பதிவேட்டை ஏத்தினேன். பதினொரு டாமி இருக்கு. உங்க அண்ணன் சொன்னதுதான் சரி. அவர்கிட்ட சொல்லிடாதே."

தங்கைக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. சந்தோஷம் என்பது மட்டும் தெரிந்தது. குரலைக் கஷ்டப்பட்டு இறுக்கிக்கொண்டு, அதே வரியில் மோதல், இரண்டு பேரும் வாங்க என்று கூப்பிட்டாள்.

வந்தார்கள். இருவர் முகமும் உர்ரென்று இருந்தது. நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். குனிந்து படித்தார்கள்.

அண்ணிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"பதினொரு டாமிங்க" என்றாள் அண்ணி, அண்ணனை நேராகப் பார்த்து. "பேரைச் சொன்னா அத்தனையும் எழுந்துக்கும்."

"எழுந்துக்கட்டுமே. அந்தப் பூனை திரும்பினதை நீ பார்க்கலை, அதான் இப்படிப் பேசுற."

அதே பழைய சண்டைதான். ஆட்கள் மட்டும் பக்கம் மாறி நின்றார்கள். ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பூனை எப்படித் திரும்பியது என்று அண்ணன் கழுத்தைத் திருப்பிக் காட்டினான். அண்ணி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தங்கை அந்த வரியில் எண்ணையும் பெயரையும் சேர்த்தே போட்டாள். கணினி அவளிடமும் காரணம் கேட்டது. கொஞ்சம் யோசித்தாள்.

"வீட்டில் பேச்சுச் சத்தம்" என்று எழுதிச் சேமித்தாள்.